'வீர்' என்னும் ஆங்கில வினை: பொருளும் பயன்பாடும்

திசை மாறுதலைக் குறிக்கும் 'வீர்' என்னும் ஆங்கில வினைச்சொல், பிரெஞ்சு மொழியின் 'வீரே' என்னும் வினையிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்தது. 'டர்ன்' என்னும் பொதுவினை திரும்புதல், திருப்புதல் ஆகிய இரண்டிற்கும் வழங்கும். 'வீர்' பெரும்பாலும் தன்வினையாகவே வரும். நேராகச் சென்ற ஊர்தி ஒருபுறமாக விலகுதல், உரையாடல் எடுத்த பொருளை விட்டு வேறொன்றிற்குச் செல்லுதல் ஆகியவற்றை இது சுட்டும். இவ்விடங்களில் 'விலகு', 'திசைமாறு' என்னும் தமிழ் வினைகள் பொருந்தும்.

வானிலையியலில் இவ்வினையின் பொருள் குறுகியது. காற்று வீசும் திசை வலஞ்சுழியாக மாறினால் மட்டுமே 'வீர்' வழங்கும். இடஞ்சுழியாக மாறினால் 'பேக்' என்னும் வினை வரும். வடகிழக்கிலிருந்து வீசிய காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கினால் அது 'வீர்'. வடக்கிலிருந்து வீசத் தொடங்கினால் அது 'பேக்'. இரண்டையும் 'திசைமாறியது' என்றே பெயர்த்தால், மூலம் கூறும் வேறுபாடு மறைந்துவிடும். காற்று எப்பக்கம் திரும்பியது என்பதைக் கடலோடி அக்குறிப்பிலிருந்து அறிய இயலாது. ஆகவே, வானிலைக் குறிப்புகளில் 'வலஞ்சுழியாகத் திரும்பு', 'இடஞ்சுழியாகத் திரும்பு' என வேறுபடுத்திப் பெயர்த்தலே பொருத்தமாகும்.