வீட்டுக்கு இரண்டாவது மிதிவண்டி

ஒரு மிதிவண்டி இருக்கும் வீட்டில் இன்னொன்று எதற்கு என்னும் கேள்வி நியாயமானதே. சேமிப்பை வலியுறுத்தும் பணியில் இருக்கும் நாம், ஓடாத பொருளில் பணத்தை முடக்குமாறு எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. எனினும், கியர் வைத்த முதல் வண்டி மூலையில் சாய்ந்திருக்க, தெருமுனையில் பால் வாங்கவும் மோட்டார் சைக்கிளைக் கிளப்பும் வீடுகள் பெருகிவிட்டன. இதற்குச் சோம்பல் மட்டுமே காரணமன்று. நெடுந்தொலைவு விரைந்து செல்லவென்று வாங்கிய வண்டியில் கேரியர் இராது, கூடை இராது, சேறு தெறிப்பதைத் தடுக்கும் மட்கார்டு இராது. சேலையுடனோ வேட்டியுடனோ அதில் ஏறவும் இயலாது.

நாயுடுபேட்டையை எடுத்துக்கொள்வோம். 2022 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து, புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்த ஊர் இது. சொர்ணமுகி ஆறு பாயும் கடலோரச் சமவெளி. சென்னை–கூடூர் இருப்புப்பாதையில் ஒரு நிலையம். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து திருப்பதிச் சாலை பிரியும் இடம். ஏற்ற இறக்கம் குறைந்த இத்தகைய ஊர்களில், கடைத்தெருவும் ரயில் நிலையமும் வங்கியும் பலருக்கு மிதிவண்டித் தொலைவிலேயே அமைந்துள்ளன. நினைத்தவுடன் எடுத்துச் செல்லத்தக்க வண்டி வாசலில் நிற்கிறதா என்பதே வேறுபாடு.

நெதர்லாந்து நாட்டில் மக்கள்தொகையைவிட மிதிவண்டிகளின் எண்ணிக்கை மிகுதி. நல்ல வண்டி ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, ரயில் நிலையம் சென்று வர எளிய பழைய வண்டி ஒன்றைத் தனியே வைத்திருப்பது அங்கே வழக்கம். அந்நாட்டின் உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 மிதிவண்டிகளை நிறுத்தும் காப்பகமே உண்டு. நமக்கும் இது புதிதன்று. 1949இல் சென்னை அம்பத்தூரில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற ஆலைகளிலிருந்து வெளிவந்த கறுப்பு வண்டிகள் செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு ஆகியவற்றுடன் இத்தகைய பயன்பாட்டுக்கே ஏற்றவையாக இருந்தன.

தேர்வு செய்கையில் முதலில் கேட்க வேண்டியது, வீட்டில் யார் யார் ஓட்டுவர் என்பதே. இரண்டாவது வண்டி பொது வண்டி. ஆகவே குறுக்குக் கம்பி தாழ்ந்த சட்டத்தையே நாடுக. இல்லத்தரசியும் முதியவரும் காலை உயர்த்தாமல் ஏற இயலும். அமர்ந்த நிலையில் பாதம் தரையைத் தொடுமாறு இருக்கையைச் சற்றுத் தாழ்த்துக. நின்று நின்று செல்லும் தெருக்களில் அதுவே பாதுகாப்பு.

அடுத்தது சக்கரம். உள்ளூர்ப் பஞ்சர் கடையில் எந்த அளவு டயரும் டியூபும் எப்போதும் கிடைக்கும் என்று விசாரித்த பின்னரே வாங்குக. கருவேல முள் மிகுந்த பகுதிகளில் இக்கேள்வி மிகவும் முக்கியம். சமவெளியில் கியர் தேவையில்லை. மலிவான ஷாக் அப்சார்பரும் எடையையும் பழுதையுமே கூட்டும். இரும்பு ரிம்மில் மழைக்காலத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது. அலுமினிய ரிம் மேல். கடற்காற்றில் துருவேறும் ஆதலால் முழுச் செயின் கவரும் அவ்வப்போது எண்ணெயும் இன்றியமையாதவை. பின் சக்கரத்தில் பொருத்திய பூட்டு, மணி, முன் விளக்கு, பின்புறச் சிவப்புப் பிரதிபலிப்பான் ஆகிய நான்கும் இல்லாத வண்டி முழுமையடையாது. நெடுஞ்சாலையைக் கடக்க நேரின், இறங்கித் தள்ளிச் செல்வதே அறிவுடைமை.

இனிக் கணக்கு. நாளொன்றுக்கு 4 கிலோமீட்டர், ஆண்டில் 300 நாள் எனில் 1,200 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் வாகனத்துக்கு 30 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 3,000 ரூபாய். மிதிவண்டிப் பராமரிப்புக்கு 600 ரூபாய் கழித்தால் மிச்சம் 2,400. பூட்டு உட்பட 6,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டி இரண்டரை ஆண்டில் தன் விலையை ஈட்டிவிடும். ஆனால் ஆண்டில் 100 நாளே ஓட்டினால் மிச்சம் 400 ரூபாய்தான். முதல் திரும்பப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஆக, வண்டியின் விலையைக் காட்டிலும் நம் பழக்கமே கணக்கைத் தீர்மானிக்கிறது.

எனவே, புதிது வாங்குமுன் கொல்லைப்புறத்தில் கிடக்கும் பழைய வண்டியைப் பாருங்கள். சட்டம் விரிசலின்றி, சக்கரம் கோணாமல் சுழலுமாயின், 1,500 ரூபாய்ச் செலவில் அது எழுந்து ஓடக்கூடும். மேற்கண்ட 300 நாள் கணக்குப்படி எட்டு மாதத்துக்குள் அச்செலவு திரும்பிவிடும். மூன்று மாதம் அதை ஓட்டிப் பார்த்து, பழக்கம் நிலைத்த பின்னர் புதிதுக்குச் செல்லலாம். அதற்கும் கடன் வேண்டா. மாதம் 1,000 ரூபாய் வீதம் ஆறு மாதத் தொடர் வைப்பு போதும். 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிகள் மீதான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், ரசீதில் அதனைச் சரிபார்த்துக்கொள்க. சட்டத்தில் பொறித்துள்ள எண்ணை ரசீதில் எழுதி வாங்கினால், திருட்டுப் போனால் புகாருக்கு உதவும்.

பெட்ரோல் மிச்சத்தில் அடங்காத வரவு ஒன்றும் உண்டு. மோட்டார் வாகனம் ஓட்டத் தெரியாத தாயும், ஓட்டும் வயதை எட்டாத பிள்ளையும் தாமே சென்று தம் வேலையை முடித்து வருவர். பிறர் ஓய்வுக்காகக் காத்திருக்கும் நிலை நீங்கும். இந்த வரவை எழுத நம் பாஸ்புத்தகத்தில் பத்தி இல்லை; வீட்டாருக்கு அதன் மதிப்புத் தெரியும்.