ஆழத்தினின்று உச்சிக்கு

மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பைச் சலாபம் என்பது பழைய வழக்கு. 1905ஆம் ஆண்டிலே மரிச்சுக்கட்டிக் கரையில் பெருஞ் சலாபம் ஒன்று நிகழ்ந்தது. கல் கட்டிய கயிற்றில் காலை ஊன்றி, குளிப்பவன் அடிநிலத்தை அடைவான். மூச்சு முட்டும் வேளையில் மற்றொரு கயிற்றை அசைப்பான். படகிலே நிற்கும் துணைவன் அக்குறிப்பை உணர்ந்து அவனை மேலே இழுப்பான். இறங்குவதற்குக் கல்லொன்று போதும். மீள்வதற்கோ ஒரு குறிப்பும், அதனை விளங்கிக்கொள்ளும் துணையும் வேண்டும்.

இன்று பேசாலையிலோ தலைமன்னாரிலோ கைத்தொலைபேசியில் பாடம் படிக்கும் மாணவனுக்கும் இத்தகைய நிலை நேர்கின்றது. நீண்ட இணையப் பக்கமொன்றின் அடிக்கு அவன் வந்துவிடுகிறான். பொருளடக்கமோ உச்சியில் இருக்கின்றது. விரலால் தள்ளித் தள்ளி ஏறுவது சலிப்பைத் தரும். ஆதலின், மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்றைப் பக்கத்தின் ஓரத்தில் அமைப்பது வழக்கமாயிற்று.

அது தொழிற்படும் முறை எளிது. பக்கம் ஒரு நெடிய தாள். திரை அதன்மேல் நகரும் சிறு சாளரம். பக்கம் 9,000 புள்ளி உயரமும் திரை 800 புள்ளி உயரமும் உடையன என்று கொள்வோம். அடியை அடைந்த சாளரம் உச்சியிலிருந்து 8,200 புள்ளி கீழே நிற்கும். அம்புக்குறியைத் தொட்டவுடன், அத்தொலைவைச் சுழியமாக்குமாறு உலாவிக்கு ஓர் ஆணை செல்கிறது. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அதன் பெயர் 'ஸ்க்ரோல்டு' என்பது. பக்கவாட்டுக்கு ஓர் எண், உயரத்துக்கு ஓர் எண். இரண்டும் சுழியமாயின் உச்சி தோன்றும்.

நிரல் இன்றியும் இது கூடும். 'டாப்' என்னும் சொல்லை இலக்காகக் கொண்ட சாதாரண இணைப்பே உச்சிக்கு அழைத்துச் செல்லும். அலைவரிசை நலிந்து நிரல் முழுமையாக வந்து சேராத இடத்திலும் இவ்விணைப்புத் தவறாது.

இங்கே இரு செய்திகளை மறத்தல் ஆகாது. முதலாவது, வழுக்கிச் செல்லும் அசைவு. சாளரம் மெல்ல ஏறுவது பலர் கண்ணுக்கு இனிது. சிலருக்கோ தலைச்சுற்றலை உண்டாக்கும். அன்னோர் தம் கருவியில் அசைவைக் குறைக்கும் ஏற்பாட்டைச் செய்துவைப்பர். நிரல் அதனைக் கேட்டறிந்து, ஒரே தாவலில் உச்சியைக் காட்டுதல் வேண்டும்.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. பார்வையற்றோர் திரைவாசிப்பான் வாயிலாகவும் விசைப்பலகை வாயிலாகவும் பக்கத்தைப் பயன்படுத்துவர். சாளரத்தை மட்டும் உயர்த்தி, விசைப்பலகையின் நிலையை அடியிலேயே விட்டுவிட்டால், அடுத்த விசை அவர்களை மீண்டும் அடியிலிருந்தே தொடங்கச் செய்யும். கண்ணுள்ளோனுக்கு உச்சி தெரிகின்றது. கண்ணில்லாதோன் ஆழத்திலேயே நிற்கின்றான். ஆகவே, பக்கத்தின் தலைப்புக்கு அந்நிலையையும் மாற்றுதல் நிரல் எழுதுவோன் கடமையாகும்.

கயிறு மட்டும் மேலே வந்து, குளித்தவன் கீழேயே தங்கினால் அது மீட்பு ஆகாது. முத்துக்குளிப்பின் இந்நியதி இணையப் பக்கத்துக்கும் பொருந்தும்.