ஒரே இரவில் படிக்கக் கூடாத நாவல்

கல்லூரியில் பாடமாக வைக்கப்பட்ட ‘கமலாம்பாள் சரித்திர’த்தை மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் பாதியில் விட்டேன். அதை எழுதிய பி.ஆர்.ராஜம் ஐயர் எங்கள் திண்டுக்கல்லை அடுத்த வத்தலகுண்டில் பிறந்தவர். பக்கத்து ஊர்க்காரரின் எழுத்தே விளங்கவில்லையே என்ற வெட்கம் வேறு. நீண்ட வாக்கியங்கள், அக்கிரகாரப் பேச்சு, கதையை நிறுத்திவிட்டு வேதாந்தம். தேர்வுக்குக் கதைச்சுருக்கமே போதுமானதாக இருந்தது என்பது தனிக்கதை.

1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ மாத இதழில் தொடராக வந்து, 1896-இல் நூலானது அந்நாவல். இதை முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்கலாம். மாதந்தோறும் காத்திருந்து படித்தவர்களுக்கான எழுத்தை ஒரே இரவில் விழுங்க முயன்றிருக்கிறேன். பிறகு நாளுக்கு ஓர் அத்தியாயமாக வாய்விட்டுப் படித்தேன். தமிழ்ப் பண்டிதர் அம்மையப்ப பிள்ளை வந்ததும் சிரித்துவிட்டேன். பிற்பகுதி வேதாந்தம் மட்டும் இன்றும் கடினமே.