ஹெச்.எம். மீட்டிங் போயிட்டா கணக்குப் பாடத்துக்கு யார் பொறுப்பு? அரசுப் பள்ளிகளில் நிர்வாகம் நடப்பது எப்படி?

"ஹெச்.எம். மீட்டிங் போயிருக்காங்க, நாளைக்கு வாங்க." அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போன பெற்றோர் பலருக்கும் பழகிப்போன பதில் இது. சரி, பத்தாம் வகுப்பு கணக்குப் பாடம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல அங்கே வேறு யாராவது இருக்கிறார்களா?

ஒரே ஆளுக்கு எத்தனை வேலை?

கால அட்டவணை, சத்துணவு, விலையில்லா சைக்கிள், எமிஸ் பதிவு, சி.இ.ஓ. ஆபீஸ் கூட்டம் என எல்லாம் தலைமையாசிரியர் தலையில்தான். இதற்கு நடுவே வகுப்பறையையும் பார்க்க வேண்டும். அவர் வேதியியல்காரர் என்றால் கணக்குப் பதிவியல் வகுப்பில் குறை நிறை சொல்வது லேசான காரியமில்லை. உதவித் தலைமையாசிரியர் இருப்பாரே என்கிறீர்களா? அவரும் மூத்த ஆசிரியர்களில் ஒருவர்தான். அவருக்கும் வகுப்பு உண்டு.

பள்ளியில் ஹெச்.ஓ.டி. உண்டா?

கல்லூரியில் துறைத் தலைவர் இருப்பார். அரசுப் பள்ளியில் அப்படித் தனிப் பதவி கிடையாது. 6 முதல் 10 வரை பட்டதாரி ஆசிரியர்கள், 11, 12-க்கு முதுகலை ஆசிரியர்கள். ஒரே வளாகம், ஒரே பாடம். ஆனால் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கப்படுவது அபூர்வம்.

இங்கேதான் சிக்கல். ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதத்தில் விழுந்த ஓட்டை, பதினொன்றாம் வகுப்பில்தான் வெளியே தெரியும். "கீழ் வகுப்புலயே சரியா வரல" என்பார் மேலே இருப்பவர். அதைக் கீழே இருப்பவரிடம் சொல்வதற்குள் அந்தப் பிள்ளை பரீட்சையே எழுதி முடித்திருக்கும்.

இதைச் சமாளிக்க சில தலைமையாசிரியர்கள் பாடவாரியாகக் குழு அமைக்கிறார்கள். கணக்கு ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரு ஒருங்கிணைப்பாளர். வாரம் ஒரு பீரியட் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு. விடைத்தாளை மாற்றித் திருத்தி, எந்தக் கேள்வியை அதிகம் பேர் விட்டார்கள் என்று பார்க்கிறார்கள். அந்த ஒரு பீரியடை கால அட்டவணையில் ஒதுக்குவதுதான் பெரும்பாடு. ஒருங்கிணைப்பாளர் ஜூனியர் என்றால் சீனியர் கேட்பாரா என்ற கேள்வியும் உண்டு. முடிவெடுக்கும் உரிமை இல்லாமல் பொறுப்பை மட்டும் கொடுத்தால், அவருக்குக் கூடுதலாக ஒரு ரிஜிஸ்டர் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆசிரியர் பாதியில் போனால்?

காலிப் பணியிடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க 2022-ல் தமிழக அரசு அனுமதித்தது. அப்படி வந்தவர் வேறு வேலை கிடைத்துக் கிளம்பினால், எந்தப் பாடம் முடிந்தது, எந்தப் பிள்ளை பின்தங்கியிருக்கிறது என்ற விவரமும் அவரோடு போய்விடும். குழு இருந்தால் அது பள்ளியிலேயே தங்கும்.

வெளிநாட்டில் எப்படி?

இங்கிலாந்தில் இந்தப் பொறுப்புக்குப் பணமே உண்டு. ஒரு பாடத்தை வழிநடத்தும் ஆசிரியருக்குத் தனிப்படி தரும் முறை 2006-ல் வந்தது. 2019 முதல் அரசு ஆய்வாளர்கள் பாடப் பொறுப்பாளர்களிடமே நேரடியாகக் கேள்வி கேட்கத் தொடங்கினர். வேலைப்பளு தாங்கவில்லை என்ற புகாரும் கூடவே வந்தது, குறிப்பாகச் சின்னப் பள்ளிகளில்.

பெற்றோர் எங்கே கேட்கலாம்?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். தமிழகத்தில் தலைவரும் பெற்றோர்தான். கட்டடம், கழிப்பறை பேசும் அதே கூட்டத்தில், "கணக்குக்கு யார் பொறுப்பு, போன மாசம் எப்போ உட்கார்ந்து பேசினாங்க?" என்றும் கேட்கலாம்.