இல்லாத நாட்டுக்கு ஒரு விமானப்படை: 'டாப் கன்' வில்லன்களின் நிஜக் கதை

1986-ல் வெளியான 'டாப் கன்' படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்பு விமானங்கள் ஞாபகம் இருக்கும். கிளைமாக்ஸில் டாம் க்ரூஸோடு மோதும் எதிரி விமானங்கள், பெயர் 'மிக்-28'. அப்படியொரு போர் விமானம் உலகத்திலேயே கிடையாது. அவை எந்த நாட்டுடையவை என்றும் படத்தில் கடைசிவரை சொல்ல மாட்டார்கள். திரையில் பறந்தவை அமெரிக்காவின் சொந்த எஃப்-5 விமானங்கள்தான். கறுப்பு பெயின்ட் அடித்து, பெயரை மாற்றிவிட்டார்கள்.

சினிமாக்காரர்களின் ஏமாற்று வேலை என்று நினைத்தால், பாதிதான் சரி. படம் வருவதற்குப் பல வருஷம் முன்பே அமெரிக்க ராணுவம் இதே எஃப்-5-ஐ எதிரி வேஷத்தில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது.

எதுக்கு இந்த வேஷம்?

வியட்நாமில் வாங்கிய அடிதான் காரணம். அமெரிக்க விமானிகள் ஓட்டிய எஃப்-4 பேன்டம் பெரிய உருவம், இரண்டு இன்ஜின், தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும் கரும்புகை. ஊரில் பயிற்சி எடுக்கும்போது எதிரே வந்ததும் பெரும்பாலும் இன்னொரு பேன்டம்தான். வியட்நாம் வானத்தில் வந்ததோ மிக்-17, மிக்-21. சின்ன உடம்பு, சட்டென்று திரும்பிவிடும். எங்கே என்று கண்ணால் தேடுவதற்குள் பின்னால் வந்துவிடும்.

1969 மார்ச்சில் கலிபோர்னியாவின் மிராமர் தளத்தில் அமெரிக்கக் கடற்படை 'டாப்கன்' பள்ளியைத் தொடங்கியது. அங்கே மிக்-17 ஆக நடித்தது ஏ-4 ஸ்கைஹாக், மிக்-21 ஆக நடித்தது டி-38 பயிற்சி விமானம். 1972-ல் விமானப்படையும் 'அக்ரஸர்' என்ற பெயரில் தனி எதிரிப் படையை உருவாக்கியது. சோவியத் பாணி பெயின்ட் மட்டுமல்ல, சோவியத் விமானிகள் எப்படி யோசிப்பார்கள் என்பதையும் படித்துவிட்டுப் பறந்தார்கள். அதன்பிறகுதான் எஃப்-5 வந்தது. நேரெதிரே பார்த்தால் மிக்-21 அளவுதான் இருக்கும். இதில் ஒரு கசப்பான விஷயம், தெற்கு வியட்நாமுக்குப் போக வேண்டிய எஃப்-5-களில் பலவும் இப்படித்தான் அக்ரஸர் ஆயின. 1975-ல் சைகோன் வீழ்ந்ததால் வாங்கிக்கொள்ள நாடே இல்லை.

அதே வருஷம் நெவாடாவின் நெல்லிஸ் தளத்தில் 'ரெட் ஃபிளாக்' என்ற பெரிய போர்ப் பயிற்சி தொடங்கியது. முதல் பத்து தாக்குதல்களைத் தாண்டிவிட்ட விமானி உயிர் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்பது வியட்நாம் சொல்லிக் கொடுத்த கணக்கு. அந்தப் பத்தையும் ஊரிலேயே பறக்க வைத்துவிடலாமே என்பதுதான் யோசனை.

நிஜ மிக் வந்தது

வேஷம் போதாதென்று நிஜ மிக் விமானங்களையே ரகசியமாகச் சேர்த்தார்கள். நெவாடா பாலைவனத்தின் டோனபா தளத்தில் 1979 முதல் 1988 வரை மிக்-17, மிக்-21, மிக்-23 விமானங்களை அமெரிக்கர்களே ஓட்டினார்கள். ப்ராஜெக்ட் பெயர் 'கான்ஸ்டன்ட் பெக்'. முதன்முதலாக மிக்கைப் பக்கத்தில் பார்க்கும் விமானிக்குக் கை கால் ஓடாது. அந்தப் பதற்றத்தைப் போர்க்களத்துக்கு முன்பே தீர்த்துவிடுவதுதான் நோக்கம். முதல் தடவை சண்டையே கிடையாது. பக்கத்திலேயே பறந்து ஆசைதீரப் பார்த்துக்கொள்ளலாம்.

உதிரிபாகத்துக்கு ஆர்டர் போட முடியாத விமானங்கள் அவை. மாஸ்கோவுக்கா போன் பண்ண முடியும்? விபத்துகளில் உயிர்களும் போயின. 1984-ல் மிக்-23-ஐ ஓட்டிய லெப்டினன்ட் ஜெனரல் ராபர்ட் பாண்ட் நெவாடாவில் விழுந்து இறந்தார். அவ்வளவு பெரிய அதிகாரி எந்த விமானத்தில் இறந்தார் என்று பத்திரிகைகள் துருவத் தொடங்க, ரகசியம் கசிந்தது. முழுக் கதையும் 2006-ல்தான் அதிகாரபூர்வமாக வெளிவந்தது.

சோவியத் யூனியன் ஆட்டம் கண்டதும் 'இனி எதிரி எதுக்கு' என்று நெல்லிஸின் அக்ரஸர் படைகளைக் கலைத்துவிட்டார்கள். அவசரப்பட்ட முடிவு. 2003-ல் ஒரு படையைத் திரும்ப எழுப்ப வேண்டி வந்தது. அடுத்த வருஷமே குவாலியரில் நடந்த 'கோப் இந்தியா' கூட்டுப் பயிற்சியில் இந்தியாவின் சுகோய்களும் மேம்படுத்தப்பட்ட மிக்-21 பைசன்களும் அமெரிக்க எஃப்-15-களுக்குக் கொடுத்த குடைச்சல், அமெரிக்க மீடியாவில் பெரிய பேச்சானது. வியட்நாம் காலத்து மிக்-21 இன்னும் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது.

2022-ல் எஃப்-35-ம் இந்த வேஷத்துக்கு வந்துவிட்டது. ரேடாரில் சிக்காத சீன விமானங்கள் எதிரே வந்தால் என்ன செய்வது? பழைய எஃப்-5-ஐ வைத்து அந்தப் பாடத்தை எடுக்க முடியாது. அதே வருஷம் வந்த 'டாப் கன்: மேவரிக்' படத்திலும் எதிரி நாட்டுக்குப் பெயர் இல்லை. ஆனால் அந்த நாட்டிடம் எஃப்-14 இருந்தது. அமெரிக்காவைத் தவிர எஃப்-14 வாங்கிய ஒரே நாடு ஈரான்.