ஜாவா இல்லாத கம்ப்யூட்டருக்கு ஒரு ஜாவா நிரல்

ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31. இந்த நான்கு தேதிகளில் ஏதாவது ஒன்று நெருங்கினால், காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் இருக்கும் என் கம்ப்யூட்டர் கடைக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். சம்பளமோ ஒப்பந்தப் பணமோ கொடுக்கும்போதே பிடித்துக் கட்டுகிற வரி இருக்கிறதே, டிடிஎஸ், அதற்குக் காலாண்டுக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாட்கள் அவை. தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய். பள்ளிக்கூட கிளார்க், காண்ட்ராக்டரிடம் கணக்கெழுதுகிறவர், சொஸைட்டிக்காரர் என்று யார் வந்தாலும் புகார் ஒன்றுதான்: “டபுள் கிளிக் பண்றேம்மா, ஒண்ணுமே வரமாட்டேங்குது.”

அவர்கள் கிளிக் செய்வது ஜாவா மொழியில் எழுதிய நிரலை. டிடிஎஸ் விவரங்களை நிரப்புகிற ஆர்பியு, அதைச் சரிபார்த்து எஃப்வியு கோப்பாக மாற்றித் தருகிற இன்னொன்று, இரண்டுமே ஜாவா. முன்பு என்எஸ்டிஎல் என்றிருந்து இப்போது புரோட்டியன் என்று பெயர் மாறியிருக்கும் நிறுவனம் அவற்றை இலவசமாகத் தருகிறது. வருமான வரி ரிட்டர்னுக்கும் பல ஆண்டுகள் எக்செல் வடிவம் ஒன்று, ஜாவா வடிவம் ஒன்று என்று இரண்டு கிடைத்தன. 2021 ஜூன் மாதம் புதிய வரித்தளம் வந்ததோடு அந்த ஜாவா வடிவம் போய்விட்டது. டிடிஎஸ்ஸில் மட்டும் ஜாவா நிலைத்துவிட்டது. அந்தப் பெயரையே கேள்விப்படாதவர்கள்கூட அதைத் தங்கள் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார்கள், அல்லது வைத்திருக்க வேண்டியவர்களாக இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் என் வியாபாரம்.

ஒரு நிரல் எழுதிய கம்ப்யூட்டரில் ஓடுவதும் அடுத்தவர் கம்ப்யூட்டரில் ஓடுவதும் வேறு வேறு வேலைகள். ஜாவாவில் இந்த வித்தியாசம் கொஞ்சம் அதிகம். சி போன்ற மொழியில் எழுதினால் கம்பைலர் அதை நேரடியாக அந்தக் கம்ப்யூட்டரின் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றிவிடும். ஜாவா கம்பைலர் அப்படிச் செய்யாது. பைட்கோட் என்கிற இடைநிலைக் கட்டளைகளாக மாற்றி நிறுத்திக்கொள்ளும். ஓடுகிற இடத்தில் ஜாவா இயக்கி ஒன்று இருந்து அதைப் படித்து நடத்த வேண்டும். 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங்கும் அவர் கூட்டாளிகளும் இந்த மொழியை வெளியிட்டபோது, ஒருமுறை எழுதினால் போதும், எங்கும் ஓடும் என்பதைத்தான் பெருமையாகச் சொன்னார்கள். பொய்யில்லை. ஆனால் அந்த ‘எங்கும்’ என்பதில் அங்கே ஏற்கெனவே ஜாவா இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒளிந்திருக்கிறது.

1997இல் வந்த ஜாவா 1.1 பதிப்பில் ஜார் கோப்பு அறிமுகமானது. ஒரு நிரலுக்கு நூறு கிளாஸ் கோப்புகள் இருக்கலாம், படங்கள், எழுத்துருக்கள் இருக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய ஒற்றைக் கோப்பு அது. உள்ளே பார்த்தால் நமக்குத் தெரிந்த ஸிப்தான். பெயரின் கடைசியில் இருக்கும் ஜார் என்பதை ஸிப் என்று மாற்றுங்கள், திறந்துகொள்ளும். உள்ளே மெட்டா-இன்ஃப் என்று ஒரு ஃபோல்டர், அதில் மானிஃபெஸ்ட் என்று ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. ‘மெயின்-கிளாஸ்’ என்று தொடங்கும் வரி அதில் இருந்தால்தான் எந்த இடத்தில் ஓட ஆரம்பிக்க வேண்டும் என்று இயக்கிக்குத் தெரியும். அந்த வரி இல்லாத ஜார் வெறும் மூட்டை. இதில் ஒரு விஷமம் உண்டு. மானிஃபெஸ்டைக் கையால் எழுதுகிறவர்கள் கடைசி வரிக்குப் பிறகு ஒரு என்டர் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் அந்தக் கடைசி வரி கணக்கிலேயே வராது. முப்பது வருடம் கடந்த மொழியில் இன்னும் இப்படி ஒன்று இருப்பது எனக்கு எரிச்சல்தான்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் டிடிஎஸ்காரர்கள் குறைந்து பாலிடெக்னிக் பிள்ளைகள் வருவார்கள், ப்ராஜெக்டோடு. (திருவேட்டக்குடியில் என்ஐடி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு என் உதவி தேவைப்படுவதில்லை.) நூலக மேலாண்மை, மருந்துக்கடை பில்லிங், இந்த இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் தலைப்பு. “எங்க வீட்டு சிஸ்டத்துல ஓடுதுக்கா, லேப்ல ஓடலக்கா” என்று பென் டிரைவை நீட்டுவார்கள். அதில் தனியாக ஒரு ஜார் கோப்பு இருக்கும். நெட்பீன்ஸில் எழுதியிருப்பார்கள். அது டிஸ்ட் என்ற ஃபோல்டரில் ஜாரை வைத்து, பக்கத்திலேயே லிப் என்ற ஃபோல்டரில் டேட்டாபேஸோடு பேசுவதற்கான லைப்ரரிகளைப் போட்டுவைக்கும். டிஸ்ட் ஃபோல்டரை லிப்போடு சேர்த்து அப்படியே அனுப்புங்கள் என்று ஒரு ரீட்மீ கோப்பிலும் எழுதி வைத்திருக்கும். ரீட்மீயை யார் படிக்கிறார்கள்? ஜாரை மட்டும் இழுத்துப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஓடி வருகிறார்கள். லைப்ரரிகளையும் ஜாருக்குள்ளேயே பிரித்துப் போட்டு ஒரே கோப்பாக்கிவிடலாம், மேவன் போன்ற கருவிகள் அதைச் செய்து தரும். பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுப்பேன்.

படம் தெரியவில்லை என்று வருவது அடுத்த ரகம். நிரலுக்குள் சி டிரைவ், யூஸர்ஸ், அப்புறம் அந்தப் பிள்ளையின் பெயர், டெஸ்க்டாப் என்று முழு முகவரியை எழுதியிருப்பார்கள். லேப் கம்ப்யூட்டரில் அந்தப் பிள்ளையின் பெயரில் ஃபோல்டர் எங்கிருந்து வரும்? இன்னொன்று இதைவிட நுணுக்கம். கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, நிரலில் சின்ன எழுத்து. ஃபோல்டரிலிருந்து ஓட்டும்வரை விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. ஜாருக்குள் போனதும் பெரியதும் சின்னதும் வேறு வேறு.

சரி, “ஒண்ணுமே வரல” என்பதற்கு வருவோம். விண்டோஸில் ஜாரை டபுள் கிளிக் செய்தால் அதை ஓட்டுவது ஜாவாடபிள்யூ என்ற நிரல். கறுப்புத் திரை வந்து பயமுறுத்தக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்தார்கள். அதனால் பிழைச்செய்தி எழுதவும் இடமில்லாமல் போய்விட்டது. நிரல் உள்ளுக்குள் கதறிவிட்டுச் செத்திருக்கும், பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் நான் முதலில் செய்வது கமாண்ட் பிராம்ப்டைத் திறப்பது. ‘ஜாவா’, இடைவெளி, ஒரு கோடு போட்டு ‘ஜார்’, பிறகு கோப்பின் பெயர். தட்டினால் காரணம் தானாக வெளியே வரும்.

பாதிப் பேருக்குப் பதிப்புத் தகராறு. ஒவ்வொரு கிளாஸ் கோப்பும் பதினாறடிமான எண்ணில் ‘கஃபே பேப்’ என்று படிக்கக் கிடைக்கும் நான்கு பைட்டுகளோடு தொடங்கும். மொழியை உருவாக்கியவர்களின் குறும்பு அது. அதைத் தொடர்ந்து, எந்தக் காலத்து ஜாவாவுக்காகக் கம்பைல் செய்தது என்ற எண் வரும். 52 என்றால் ஜாவா 8, 61 என்றால் 17, 65 என்றால் 21. புதிய இயக்கி பழைய எண்ணைப் படித்துவிடும். பழைய இயக்கி புதிய எண்ணைப் பார்த்தால் அந்த இடத்திலேயே மறுத்துவிடும். எழுதுகிறவர் புதிய ஜாவாவை வைத்துக்கொண்டே ‘ரிலீஸ் 8’ என்று சொல்லிப் பழையதற்கும் கம்பைல் செய்யலாம். பலர் செய்வதில்லை. மீதிப் பேருக்குக் கதை இன்னும் எளிது. ஸிப் திறக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டிருப்பார்கள், ஜாரும் ஸிப்தானே என்று அது உரிமை கொண்டாடியிருக்கும். கிளிக் செய்தால் ஓடாமல் பிரிந்து கிடக்கும்.

டெண்டர் போடுகிறவர்கள் பட்ட பாடு தனி. அரசு மின்-டெண்டர் தளங்களில் டிஜிட்டல் கையெழுத்துப் போட பிரவுசருக்குள் ஜாவா தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 2015 செப்டம்பரில் குரோம் 45 அந்த வழியை அடைத்தது, 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 52. வாய்க்கால் தூர்வாரும் வேலைக்கு விலை போட வந்தவர்களுக்கு நான் பழைய பிரவுசரைத் தேடிப் போட்டுக் கொடுத்த நாட்கள் அவை.

இவ்வளவையும் பார்த்த பிறகு எனக்கு ஓர் உறுதி வந்துவிட்டது. ‘முதலில் ஜாவா நிறுவிக்கொள்ளவும்’ என்று பயனருக்குச் சொல்வது, எழுதினவர் செய்ய வேண்டிய வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவது. டயல்-அப் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. சின்ன ஜாரை இறக்கிக்கொண்டு, இயக்கியை ஒருமுறை மட்டும் போட்டுக்கொள்ளலாம். இன்று ஒரு கல்யாண வீடியோவே அதைவிடப் பெரியது.

எங்கள் சித்தப்பாவுக்குக் காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விசைப்படகில் பங்கு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். தொழில் இல்லாத அந்த நாட்களில்தான் மீனவர் ஊரான கோட்டுச்சேரிமேட்டில் பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். கடலுக்குப் போய்வந்த ஒவ்வொரு முறைக்கும் ஏலத்தொகை, அதில் டீசல், ஐஸ், ரேஷன் சாமான் போக மிச்சம், படகுக்கு எவ்வளவு, ஆட்களுக்கு எவ்வளவு, முன்பணம் வாங்கினவருக்குப் பிடித்தம் எவ்வளவு. நோட்டில் எழுதினால் யாருடைய கூட்டல் சரி என்று சண்டை. “பாப்பா, நீ படிச்சது இதுக்காவது ஆகட்டும்” என்றார். ஜாவாவில் எழுதிக் கொடுத்தேன். சித்தப்பாவின் மருமகனிடம் ஒரு லேப்டாப், ஏலக்காரரிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர், சங்கத்தில் ஒன்று. எதிலும் ஜாவா கிடையாது, அவர்களைப் போடச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

ஜேபேக்கேஜ் என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. 2020 மார்ச்சில் ஜாவா 14உடன் சோதனையாக வந்து, 2021 மார்ச்சில் ஜாவா 16இல் நிலையானது. ஜாரைக் கொடுத்தால் கூடவே இயக்கியையும் வைத்துக் கட்டி, விண்டோஸுக்கு எக்ஸ்இ அல்லது எம்எஸ்ஐ, லினக்ஸுக்கு டெப், மேக்குக்கு டிஎம்ஜி என்று அந்தந்த இடத்துக்குப் பழகிய நிறுவல் கோப்பாகத் தரும். நடுக்கடலில் கடை இல்லை என்று ஐஸும் டீசலும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டே படகு கிளம்புவதைப் போலத்தான். முழு ஜாவாவையும் ஏற்ற வேண்டியதில்லை. 2017இல் ஜாவா 9உடன் வந்த ஜேலிங்க், நிரல் பயன்படுத்தும் பகுதிகளை மட்டும் பொறுக்கிச் சின்ன இயக்கி செய்து கொடுக்கும். எழுதுவோருக்கான முழு ஜேடிகே விரித்தால் சுமார் 300 எம்பி வரும். ஜன்னலும் பொத்தானும் கொண்ட சாதாரண நிரலுக்கு அதில் சிறு பகுதி போதும்.

ஜாவாவையே சேர்த்துக் கொடுப்பது சட்டப்படி சரியா என்று கேட்பவர்கள் உண்டு, கேட்க வேண்டியதும்தான். ஜாவாவை இப்போது வைத்திருக்கும் ஆரக்கிள் நிறுவனம் 2019 ஏப்ரலில் ஜாவா 8 புதுப்பிப்புகளின் உரிமத்தை மாற்றியது. சொந்த உபயோகத்துக்கு இலவசம், வியாபாரத்துக்குச் சந்தா. ஆனால் அதே ஜாவாவின் ஓபன்ஜேடிகே வடிவம் திறந்த உரிமத்தில் இருக்கிறது. அதிலிருந்து அடாப்டியம் திட்டத்தார் செய்து தரும் டெமுரின் பதிப்பைத் தாராளமாகக் கட்டி அனுப்பலாம். நான் அதைத்தான் எடுத்தேன்.

ஜேபேக்கேஜில் ஒரு கட்டுப்பாடு: விண்டோஸ் கோப்பை விண்டோஸில்தான் செய்ய முடியும், மேக் கோப்பை மேக்கில்தான். எம்எஸ்ஐ செய்ய விக்ஸ் என்ற இன்னொரு கருவியும் வேண்டும். எனக்கு அந்த அளவுக்குத் தேவையில்லை. ‘ஆப்-இமேஜ்’ என்று கேட்டால் எக்ஸ்இ ஒன்றும் இயக்கியும் அடங்கிய ஃபோல்டர் கிடைக்கும். பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோய் நகலெடுத்தால் முடிந்தது. பென் டிரைவில் இல்லாமல் இணையத்திலிருந்து இறக்கினால், முதல்முறை திறக்கும்போது தெரியாத வெளியீட்டாளர் என்று விண்டோஸ் நீலத் திரை காட்டும். கையெழுத்துச் சான்றிதழுக்குக் காசு கட்டியவர்களுக்கு அந்த விசாரணை குறைவு. ‘மேலும் தகவல்’ என்பதைத் தட்டினால்தான் ‘எப்படியும் இயக்கு’ என்ற பொத்தான் தெரியும். அதைச் சித்தப்பாவின் மருமகனுக்கு நேரிலேயே காட்டிவிட்டேன்.

கணக்குக் கோப்பை நிரலின் ஃபோல்டருக்குள் வைக்கவில்லை. புரோகிராம் ஃபைல்ஸில் நிறுவினால் சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. புதிய பதிப்பு போடும்போது ஒரு சீசன் கணக்கே அழிந்துபோகவும் கூடும். ஒவ்வொருவரின் யூஸர் ஃபோல்டரில் தனியிடம் கொடுத்தேன்.

தமிழுக்கு இதில் ஒரு லாபம். பழைய ஜாவா, விண்டோஸில் எந்த எழுத்து முறை இயல்பாக இருக்கிறதோ அதிலேயே கோப்பை எழுதும். பெரும்பாலும் அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது. ‘முருகன், முன்பணம்’ என்று சேமித்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள். திரையில் மட்டும் அப்படித் தெரிந்தால் பரவாயில்லை, கோப்பிலேயே கேள்விக்குறியாகப் பதிந்துவிடும், திரும்ப எடுக்க வழியில்லை. 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18 முதல் எல்லா இடத்திலும் யுடிஎஃப்-8தான் இயல்பு. இயக்கியை நாமே கட்டி அனுப்பும்போது அது எந்தப் பதிப்பு என்பது நம் கையில் இருக்கிறது. எழுத்துருவையும் விடவில்லை. இலவச உரிமத்தில் இருக்கும் நோட்டோ சான்ஸ் தமிழை ஜாருக்குள்ளேயே வைத்துவிட்டேன். எந்தக் கம்ப்யூட்டரிலும் கட்டம் கட்டமாகத் தெரியாது.

ஏலக்காரருடைய கம்ப்யூட்டர் மட்டும் முரண்டு பிடித்தது. அது 32-பிட் விண்டோஸ். ஜாவா 24இல் அதற்கான ஆதரவையே நீக்கிவிட்டார்கள். அவருக்கு 32-பிட் ஜாவா 17இல் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. 18க்கு முந்தையது என்பதால் யுடிஎஃப்-8 என்று நிரலில் வெளிப்படையாக எழுதினேன்.

இப்போது மூன்று இடத்திலும் ஒரே கணக்கு. பங்கு விகிதம் மாறினால் ஃபோல்டருக்குள் இருக்கும் ஜாரை மட்டும் மாற்றினால் போதும், இயக்கியைத் தொட வேண்டாம். போன வாரம் சித்தப்பா அடுத்த கோரிக்கையோடு வந்தார். “இதையே என் போன்ல போட்டுக் குடுத்துரு பாப்பா.” ஆண்ட்ராய்டு ஜார் கோப்பை ஓட்டாது, அதற்கு வேறு வகைக் கட்டளைகள், வேறு கட்டுமானம், ஜன்னலிலிருந்து பொத்தான்வரை திரும்ப எழுத வேண்டும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எப்பத் தருவே?” என்றார்.