கல் நிலத்தில் கட்டை அடித்தல்

மீளக் குடியேறிய எங்களில் ஒரு குடும்பம் உதவியாகக் கிடைத்த ஒரு மறியாட்டை வளவுக்குள் கட்டி மேய விட்டது. கட்டை ஒரு முழ நீளமான வேப்பந்தடி. பொழுது படும் நேரம் அயல்வீட்டு நாய் குரைத்தது. வெருண்ட ஆடு ஒரே இழுவையில் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. பற்றை மூடிய பக்கத்துக் காணியில் கட்டு இடிந்த கிணறு ஒன்று இருந்தது. அடுத்த நாள் காலையில்தான் ஆட்டைக் கண்டோம். வயிற்றில் இரண்டு குட்டிகள் இருந்தன.

ஒரு கட்டை சரியாக நிற்காததால் ஒரு குடும்பத்தின் முழு முதலும் போயிற்று. ஆடு கிணற்றில் விழாவிட்டாலும், அயலவரின் வெங்காயத் தறைக்குள் போனால் சண்டை வரும், வீதிக்குப் போனால் வாகனத்தில் அடிபடும். ஆகவே, எமது மண்ணில் கட்டையை அசையாமல் நிறுத்துவது எப்படி என்பதை இங்கே பார்ப்போம்.

எமது நிலம் எப்படிப்பட்டது?

தெல்லிப்பழை, மயிலிட்டி, கீரிமலைப் பக்கங்களில் செம்பாட்டு மண்ணின் கீழே சுண்ணக்கல் கிடக்கிறது. 1950 முதல் 1990 வரை காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஊட்டப்பட்டதும் இந்தக் கல்தான். சில இடங்களில் மண் இடுப்பளவு ஆழம் இருக்கும். பத்து அடி தள்ளிப் போனால் மண்வெட்டி போட்டதும் கல்லில் இடிக்கும்.

சுண்ணக்கல் மழைநீரில் மெல்ல மெல்லக் கரையும் கல். அதனால் அதற்குள் வெடிப்பும் பொந்தும் நிறைய உண்டு. கீரிமலையில் கடலோரத்தில் நன்னீர் ஊறுவதும், புத்தூர் நிலாவரைக் கிணறு உண்டானதும் இந்தத் தன்மையால்தான். கட்டை அடிக்கும்போது சில வேளை அது திடீரென்று இலகுவாக இறங்கும். நன்றாக இறங்கிவிட்டது என்று மகிழ வேண்டாம். பொந்துக்குள் இறங்கிய கட்டைக்குப் பிடிமானம் இல்லை.

செம்பாட்டு மண்ணுக்கும் ஒரு குணம் உண்டு. ஆடி, ஆவணி வெயிலில் அது ஓடு போல இறுகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இளகிவிடும். கோடையில் நான்கு பேர் இழுத்தும் அசையாத கட்டையை மாரியில் ஒரு குட்டி பிடுங்கிவிடும்.

அடிக்கும் முன்னர்

1990 ஜூன் மாதம் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறினோம். 2009இல் போர் முடிந்த பின்னர் காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டன. இன்னும் விடப்படாத காணிகளும் உள்ளன. இத்தனை வருடம் ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடந்த மண்ணில் இரும்பை ஏற்றி அடிப்பது சாதாரண வேலை அல்ல. ஆதலால்:

• மிதிவெடி அகற்றப்பட்டு, உரிய அதிகாரிகளால் கையளிக்கப்பட்ட காணியில் மட்டும் கட்டை அடிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கிராம அலுவலரிடம் கேட்போம்.

• மிதிவெடி அகற்றுவோர் குறித்த ஓர் ஆழம் வரைதான் தேடுவார்கள். வெடிக்காத எறிகணை அதற்குக் கீழேயும் புதைந்திருக்கலாம். ஆகவே முன்னர் கொத்திப் பயிர் செய்த இடத்தை, அல்லது வீட்டு வேலைக்குத் தோண்டிய இடத்தைத் தெரிவு செய்வது நல்லது.

• எச்சரிக்கைப் பலகையையோ, எல்லை காட்டும் கம்பியையோ தடியையோ ஆடு கட்டுவதற்கென்று பிடுங்கி வரக்கூடாது. அது இன்னொரு பிள்ளையின் உயிரைக் காக்க நிற்கிறது.

• கம்பி இரும்பில் பட்டது போல ஒலித்தால் உடனே நிறுத்த வேண்டும். தோண்டிப் பார்க்க வேண்டாம். வந்த வழியாலேயே திரும்பி வந்து, பிள்ளைகளை அந்தப் பக்கம் போகவிடாமல் தடுத்து, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவிப்போம்.

கட்டை ஏன் கழன்று வருகிறது?

கட்டையின் தலை நிலத்துக்கு மேலே எவ்வளவு உயர்ந்து நிற்கிறதோ, அவ்வளவுக்கு அது அலவாங்கு போல வேலை செய்கிறது. உச்சியில் கயிற்றைக் கட்டினால், ஆடு இழுக்கும் ஒவ்வொரு முறையும் கட்டை மண்ணை நெம்பிக்கொண்டிருக்கும். கயிறு நிலத்தோடு ஒட்டி இருந்தால் நெம்பும் பலம் குறைந்துவிடும்.

இரண்டாவது காரணம் ஆடு சுற்றிச் சுற்றி மேய்வது. காலையில் கிழக்கே இழுக்கும், மத்தியானம் மேற்கே இழுக்கும். குழி நாலா பக்கமும் அகன்று போகிறது. ஆகவே மேயும் மிருகத்துக்குக் கட்டையைச் சாய்த்து அடிப்பதில் பயனில்லை. நேராக அடித்து, தலையை நில மட்டத்துக்கு இறக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் ஓட்டம். நின்று இழுக்கும் ஆட்டை விட, ஓடி வந்து கயிறு முடியும் இடத்தில் வெட்டி இழுக்கும் ஆடு பல மடங்கு பலம் காட்டும். கயிறு நீண்டால் ஓட்டமும் நீளும். 10 அடிக் கயிற்றில் ஆடு ஏறத்தாழ 314 சதுர அடியை மேயும். 20 அடியானால் 1,256 சதுர அடி. மேய்ச்சல் நான்கு மடங்காகும் என்று நீளக் கயிறு போட்டால், கட்டைக்கு வரும் வெட்டு இழுவையும் கூடும். நடுத்தரக் கயிறு போட்டு, ஒரு நாளில் இரண்டு தரம் இடம் மாற்றுவது பாதுகாப்பானது.

ஐந்து முறைகள்

1. நனைத்து அடித்தல். மண் ஆழமாக உள்ள இடத்துக்கு இது போதும். முதல் நாள் மாலையில் அந்த இடத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி ஊற விடுவோம். காலையில் முக்கால் அங்குலத் தடிப்பும் இரண்டரை அடி நீளமும் உள்ள இரும்புக் கம்பியை நேராக அடிப்போம். மண் காய்ந்து இறுகும்போது கம்பியைப் பிடித்துக்கொள்ளும். அன்றே கட்டாமல் இரண்டொரு நாள் விட்டுக் கட்டுவது நல்லது. வெல்டிங் கடையில் கம்பியின் தலையில் ஒரு தகட்டை ஒட்டி, அதன் கீழே தளர்வான வளையம் ஒன்று போடச் சொல்ல வேண்டும். வளையம் சுழன்றால் கயிறு கம்பியில் சுற்றிக் குறுகாது.

2. புதைத்துக் கட்டுதல். இரண்டடி மண் உள்ள இடத்தில், மாட்டுக்கும் பெரிய கிடாய்க்கும் ஏற்றது. இரண்டடி ஆழக் குழி தோண்டி, இரண்டடி நீளமான பனந்துண்டையோ நீளமான கல்லையோ குறுக்காகக் கிடத்துவோம். அதன் நடுவில் சங்கிலியைச் சுற்றி, நுனியை மேலே விட்டு, மண்ணைச் சிறிது சிறிதாகப் போட்டு இடித்து இறுக்குவோம். இழுக்கும் மிருகம் துண்டின் மேலுள்ள மண் முழுவதையும் தூக்க வேண்டிவரும். மரத்துண்டு கறையானுக்கு இரையாகும். ஆகையால் வருடத்துக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும். கல் என்றால் அந்தக் கவலை இல்லை.

3. கல்லிலே கொழுக்கி. கல் வெளியே தெரியும் இடத்தில் கட்டை அடிக்க முடியாது. அலவாங்காலும் உளியாலும் ஒரு சாண் ஆழத்துக்குத் துளையிட்டு, அடிப்பக்கம் சற்று அகலமாக இருக்கும்படி செய்வோம். தூசியைக் கழுவி எடுத்து, வளைத்த கம்பியை வைத்து, ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு பங்கு மணல் குழைத்து நிரப்புவோம். ஈரச் சாக்கால் மூடி 7 நாட்கள் நனைத்து வர வேண்டும். அதற்கு முன் மிருகத்தைக் கட்டினால் செய்த வேலை வீண்.

4. ஓடு கயிறு. வளவில் இரண்டு பனையோ தென்னையோ இருந்தால் நிலத்தைத் தொடவே வேண்டியதில்லை. இரண்டுக்கும் இடையே தலைக்கு மேலான உயரத்தில் கம்பியை இறுக்கிக் கட்டி, அதில் ஓடும் வளையத்தில் ஆட்டுக் கயிற்றைக் கட்டலாம். ஆடு மரத்தைச் சுற்றிக்கொள்ளாதபடி, கம்பியின் இரு பக்கமும் மரத்துக்கு ஆறடி முன்னதாக முடிச்சுப் போட்டு வளையத்தைத் தடுக்க வேண்டும்.

5. கதியால். இது சொந்தக் காணிக்கான நீண்ட கால வழி. மாரி தொடங்கும்போது பூவரசங் கதியாலோ கிளுவங் கதியாலோ நட்டால், அது வேரூன்றித் தானே பிடித்துக்கொள்ளும். முதல் வருடம் அதில் எதையும் கட்டக்கூடாது. ஆடு பட்டையை உரிக்காதபடி அடியைப் பனையோலையால் சுற்றிவிட வேண்டும்.

பிறர் காணியில் இருப்போருக்கு

மல்லாகம், சுன்னாகம் பகுதி முகாம்களில் இருந்த காலத்தில் வீதியோரத்திலும் பிறர் வளவிலும் ஆடு கட்டியவர்கள் எங்களில் பலர். இன்றும் உறவினர் காணியில், வாடகைக் காணியில் இருப்போர் உண்டு. அங்கே சீமெந்துக் கொழுக்கி போடுவதும் கதியால் நடுவதும் முறையல்ல. பிடுங்கி எடுக்கக்கூடிய இரும்புக் கம்பியே ஏற்றது. அதையும் சொந்தக்காரரிடம் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். வேலை முடிந்ததும் கம்பியைக் கட்டாயம் எடுத்துவிடுவோம். மண்ணுக்குள் மறந்து விட்ட கம்பி உழவு இயந்திரத்தின் கலப்பையை உடைக்கும், பிள்ளைகளின் காலைக் கிழிக்கும்.

கம்பி அடிக்க முடியாவிட்டால் பாரக் கல்லைப் பயன்படுத்தலாம். ஓரடி நீளம், அகலம், உயரம் உள்ள சுண்ணக்கல் ஏறக்குறைய 65 கிலோ இருக்கும். எனினும் நிலத்தில் கிடக்கும் கல்லை இழுத்து நகர்த்த அதன் நிறையளவு பலம் தேவையில்லை, அதில் பாதியளவே போதும். ஆகவே இது குட்டிகளுக்கும் சாதுவான மறிக்கும் மட்டுமே. கிடாயை நம்பிக் கட்ட வேண்டாம்.

எலிப்பொறிக்கும் இதே பாடம்

மரவள்ளித் தோட்டத்தில் அகழானுக்கும் பெருச்சாளிக்கும் பொறி வைப்போர், பொறியே காணாமற் போனது என்று சொல்வதுண்டு. அகப்பட்ட பெருச்சாளியோ, அதை மணந்து வந்த நாயோ பொறியை இழுத்துப் போய்விடும். பொறியை மெல்லிய கம்பியால் ஒரு முளையில் கட்ட வேண்டும். பெருச்சாளி தன் வளைப் பக்கமாகவே இழுக்கும். இழுவை ஒரே திசையில் வருவதால் இங்கே முளையைச் சாய்த்து அடிப்பது சரி. முளையின் தலை வளைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மண் கல்லாக இருந்தால் முளைக்குப் பதிலாகப் பெரிய கல்லொன்றில் கட்டலாம். சுருக்குக் கம்பியும் மின்சாரக் கம்பியும் வைக்க வேண்டாம். அயலவரின் மாடும் எமது பிள்ளைகளும் அதே வரம்பில்தான் நடக்கிறார்கள்.

கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கயிற்றின் நீளத்தோடு ஆட்டின் உடல் நீளத்தையும் கூட்டி ஒரு வட்டம் நடந்து பார்ப்போம். அந்த வட்டத்துக்குள் கிணறு, வேலி, இரும்புத் துண்டு, இன்னொரு ஆட்டின் வட்டம் எதுவும் வரக்கூடாது. நிழலும் தண்ணீரும் எட்ட வேண்டும். கழுத்தில் இறுகும் முடிச்சுப் போடாமல் பட்டி கட்ட வேண்டும். கட்டில்லாத கிணறு அருகில் இருந்தால், அது யாருடைய காணியில் இருந்தாலும், முள்ளையாவது வெட்டி அடைத்து வைப்போம்.

கடைசியாக, கட்டையைச் சோதிக்க வேண்டும். ஆட்டைக் கட்டுமுன் நாமே கயிற்றைப் பிடித்து, நாலு பக்கமும் நின்று வெட்டி வெட்டி இழுத்துப் பார்ப்போம். கட்டை ஒரு விரல் அசைந்தாலும் இடத்தை மாற்றுவோம். முதல் மழை பெய்த மறுநாள் இதைத் திரும்பவும் செய்ய வேண்டும். அன்று ஆட்டை இழந்த அந்தக் குடும்பம் இப்போது இன்னொரு மறி வைத்திருக்கிறது. அதைக் கட்டுமுன் அந்த வீட்டுப் பிள்ளை ஒவ்வொரு நாளும் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறான்.